விருந்தாளியின் பொட்டாசியம்

அத்தியாயம் பதினேழு

ஒரே லேபில் வேலை பார்க்கும் அண்ணியும் நாத்தனாரும் காலையில் சந்தித்தால் வீட்டுக் கதைதான் பேசுவார்கள் என்று யாராவது நினைத்தால், அவர்கள் இந்த இருவரையும் பார்த்ததில்லை என்று அர்த்தம். வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே அண்ணி கேட்கும் முதல் கேள்வி, கன்ட்ரோல் உள்ளே இருக்கிறதா என்பதுதான். இருக்கிறது என்று நாத்தனார் தலையாட்டிய பிறகுதான் சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம்.

கன்ட்ரோல் என்றால் வேறொன்றுமில்லை. எவ்வளவு வரவேண்டும் என்று முன்னாலேயே தெரிந்த சீரம், அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர். நோயாளிகளின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன்னால் அதை மெஷினில் ஓட்டிப் பார்ப்பார்கள். தெரிந்த விடையைச் சரியாகச் சொன்னால்தான் தெரியாத விடையைச் சொல்ல அந்த மெஷினுக்கு யோக்கியதை. வரம்புக்குள் வராவிட்டால், எப்பேர்ப்பட்ட பெரிய மனுஷர் ரத்தமாக இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். அண்ணி இதில் ஒரே பிடியாக நிற்பாள். அதனால் லேபில் அவளுக்குக் கன்ட்ரோல் அக்கா என்று பெயர். அது வீடு வரைக்கும் வந்துவிட்டது. சமையலில் உப்பு ஒரு சிட்டிகை கூடினால் அவள் கணவர், எலக்ட்ரீஷியன், இன்னிக்குக் கன்ட்ரோல் வெளியே போயிருச்சா என்று கேட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி சாப்பிடுவார்.

தொடர்ந்து வருகிறவர்களுக்கு இந்த வீட்டின் புண் எங்கே இருக்கிறது என்று தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை.

அண்ணியின் மாமனார், அதாவது நாத்தனாரின் அப்பா, பஸ் டிரைவர். போன வருஷம் டிரைவர்களுக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை நடந்தது. குழாய்கள் வந்து சேர்ந்தது இதே லேபுக்கு. மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தது அவர் பெற்ற மகள். முந்தின நாள் இரவே அவர், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பார்த்துக்கொள் என்று கோடி காட்டியிருந்தார். முன்னே பின்னே எல்லாம் இல்லை, சர்க்கரை எங்கோ போய் நின்றது. மகள் வந்ததை வந்தபடி எழுதினாள். அவரை வண்டியிலிருந்து இறக்கி டிப்போவில் ஒரு மேஜைக்கு அனுப்பினார்கள். மேஜை அவருக்குச் சரிப்படவில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். மகளோடு பேச்சை நிறுத்தினார்.

அந்த ரிப்போர்ட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள் மருமகள். அவளோடு மட்டும் பேசுவார். இது என்ன நியாயம் என்று ஒருநாள் மாப்பிள்ளை கேட்டார். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், கேள்வி கேட்டே பழக்கம். மருமகள் அடுத்த வீட்டுப் பெண், அவள் சட்டம் பேசலாம், பெற்ற பெண் பேசலாமா என்றார் மாமனார். அதற்கு மேல் வார்த்தை தடித்து, வாத்தியாரை வாசலைப் பார்த்துக் கை காட்டிவிட்டார். வாத்தியார் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனவர்தான். மூன்று ஸ்டாப் தள்ளித்தான் வீடு. ஆனாலும் இந்த வாசல் அவருக்கு மறந்துபோயிற்று.

இப்போது இன்றைய கதைக்கு வருவோம். இன்றைக்கு லேபுக்கு ஒரு விருந்தாளி வந்திருந்தார்.

வருஷத்தில் சில தடவை, வெளியே இருக்கும் ஒரு அமைப்பு ஒரே சீரத்தைப் பொடியாக்கிப் பல லேபுகளுக்கு அனுப்பும். அதில் என்ன அளவு இருக்கிறது என்று சொல்லாது. ஒவ்வொரு லேபும் கண்டுபிடித்து எழுதி அனுப்ப வேண்டும். பிறகு எல்லாரையும் ஒப்பிட்டு, யார் தேறினார்கள், யார் கோட்டைவிட்டார்கள் என்று சொல்லிவிடும். லேபுகளுக்கே நடக்கும் பரீட்சை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் இந்தப் பொடி வந்தால் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி ஆகிவிடும். கைதேர்ந்தவர் யாரோ அவர்தான் தொடுவார். நல்ல மெஷின் எதுவோ அதில்தான் ஏற்றுவார்கள். ஒன்றுக்கு மூன்றாக ஓட்டி நடுவில் இருப்பதை எழுதுவார்கள். லேபுக்குத் தலைமையான டாக்டரம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. சாதாரண நோயாளியின் ரத்தத்தை எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் இதையும் பார்க்கவேண்டும் என்பது விதி. அலங்காரம் பண்ணிக்கொண்டு போட்டோ எடுத்தால் அது நம்ம முகமா என்று கேட்டார்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. பொடி வந்த சேதி டாக்டரம்மாவுக்கும் கன்ட்ரோல் அக்காவுக்கும் மட்டும் தெரியும். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு, சொன்ன அளவுத் தண்ணீரைச் சொட்டுப் பிசகாமல் விட்டு, குலுக்காமல், பாட்டிலை மெல்லச் சுழற்றிக் கரைப்பாள். சாதாரணக் குழாயில் ஊற்றி, ஊரில் இல்லாத ஒரு ஆளின் பெயரில் பதிவு போட்டு, லேபின் கிளைகளிலிருந்து வரும் குழாய்களோடு கலந்து வைத்துவிடுவாள். மெஷினில் இருப்பவருக்கு அது பத்தோடு பதினொன்று. இரண்டு பேரும் தங்களுக்குள் அந்த இல்லாத ஆளுக்கு விருந்தாளி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எல்லாம் சரி. பதிவு போடும்போது போன் நம்பர் கொடுக்காவிட்டால் கம்ப்யூட்டர் நகராது. இதுவரை அக்கா தன் நம்பரைத்தான் போட்டாள். போன தடவை, இது உங்கள் ஊழியரின் நம்பர் ஆயிற்றே என்று கம்ப்யூட்டரே கோள்மூட்டி, விருந்தாளியின் குட்டு உடைந்துபோயிற்று. இந்தத் தடவை வேறு நம்பர் வேண்டும். யோசிக்கப் பொழுதில்லை. மாதா மாதம் அவள் ரீசார்ஜ் பண்ணும் மாமனாரின் நம்பர் விரலில் நின்றது. தட்டிவிட்டாள். வயது என்ற இடத்தில் எதையாவது போட வேண்டுமே என்று, அந்த நம்பரோடு சேர்ந்து மனதில் வந்த அவர் வயதையே, ஐம்பத்தொன்பது என்று போட்டாள். ஆண் என்று போட்டாள். டாக்டர் பெயர் இல்லை, தானாக வந்தவர் என்று போட்டாள்.

புத்திசாலிகள் பண்ணும் முட்டாள்தனத்துக்கு ஈடே கிடையாது. குழாயைத் தட்டில் வைத்துவிட்டு, போனை மேஜை டிராயரில் போட்டுவிட்டு, ஸ்டோரில் சரக்கு எண்ணப் போனாள். ஸ்டோரின் குளிர் அறைக்குள் போன் கூடாது என்பது அவளே போட்ட சட்டம்.

அவள் திரும்பி வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனார் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்து பார்க்கும் வேலையை நின்றுகொண்டு பார்க்கிறாளே என்று அக்காவுக்குத் தோன்றியது. கிட்டே போனால் உதடு வெளுத்திருக்கிறது.

"அண்ணி, அப்பாவுக்குப் பொட்டாசியம் ஏழு புள்ளி ஒண்ணு."

அக்காவுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. இரண்டாவது நொடியில் எல்லாம் ஓடியது.

பொட்டாசியம் ஏழைத் தாண்டினால் இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம். இந்த மாதிரி அளவு வந்தால் ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்கக் கூடாது. டாக்டர் பெயர் இருந்தால் டாக்டருக்கு, இல்லாவிட்டால் நோயாளிக்கே உடனே போன் போட்டுச் சொல்ல வேண்டும். கேட்டவர் சரியாகக் கேட்டாரா என்று அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். இதுவும் கன்ட்ரோல் அக்கா எழுதி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதுதான்.

நாத்தனார் சொல்லச் சொல்ல அக்கா கேட்டாள். ரத்த அணு உடைந்தாலும் பொட்டாசியம் பொய்யாகக் கூடும் என்பதால், சீரம் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாளாம், தெளிவாக இருந்ததாம். காலைக் கன்ட்ரோலை மறுபடி எடுத்துப் பார்த்தாளாம், உள்ளேதான் இருந்ததாம். நம்பரைப் பார்த்ததும் கை நின்றுபோனதாம். வருஷக்கணக்காக மனப்பாடமாக இருக்கும் நம்பர் வேறு யாருடையதாக இருக்கும்? வயதும் அதே வயது. பெயர் மட்டும் வேறு. அது ஏன் என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ரத்தம் கொடுத்தது மகளுக்குத் தெரியக் கூடாது என்று அப்பா ஏதோ ஒரு கிளைக்குப் போய்ப் பெயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

"பத்து தடவை ஓட்டணும்போல இருந்துச்சு அண்ணி. விதிப்படி ஒரு தடவைதான் திருப்பி ஓட்டினேன். அதேதான் வந்துச்சு. போன் பண்ணிட்டேன்."

அவர் எடுத்தாராம். லேபிலிருந்து பேசுகிறேன் என்றாளாம். குரல் தெரிந்துவிட்டது, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அளவைச் சொன்னாள். திருப்பிச் சொல்லுங்கள் என்றாள். ஒரு வருஷத்துக்கு மேல் மகளோடு வாய் திறக்காத மனுஷர், ஒண்ணாங்கிளாஸ் பையன் மாதிரி, ஏழு புள்ளி ஒண்ணு என்று சொன்னார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றாள். நான் ரத்தமே கொடுக்கவில்லையே என்றார் அவர். பொய் சொல்லாதீர்கள் அப்பா, என்மேல் கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், இப்போது கிளம்புங்கள் என்று அழுதுவிட்டாளாம். போன் கட்டாகிவிட்டது. அதற்கப்புறம் எடுக்கவில்லை.

அந்த ஆளே இல்லை குட்டி என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். பழக்கதோஷம் வாயை மூடியது. விருந்தாளியின் விடை யாரும் மாற்ற முடியாதபடி கம்ப்யூட்டரில் பூட்டப்படுவதற்கு முன்னால் மெஷினில் இருப்பவருக்குச் சொல்லக் கூடாது. பூட்டும் உரிமை டாக்டரம்மாவுக்குத்தான். ஒரு நிமிஷம் இரு, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் ஓடினாள். 

டாக்டரம்மா யாரோடோ போனில் இருந்தார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. பக்கத்து வீட்டு மெக்கானிக்கின் வண்டி வந்து வாசலில் நின்றது. பின்னாலிருந்து மாமனார் இறங்கினார். சட்டை பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தது. ஒரு காலில் வீட்டுச் செருப்பு, ஒரு காலில் வெளிச்செருப்பு.

அக்கா அதற்குமேல் காத்திருக்கவில்லை. டாக்டரம்மாவின் கையிலிருந்த போனைப் பிடுங்காத குறையாக விஷயத்தைக் கொட்டினாள். டாக்டரம்மா கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஆளே இல்லாத ரத்தத்துக்கு ஆள் வந்து நிக்கறாரா? முதல்ல பூட்டுவோம். அப்புறம் போய்ச் சொல்லு. சொல்லிட்டு இங்க வா, உன்கிட்ட நான் பேசணும்."

பூட்டியாயிற்று. கீழே வந்தால் ரத்தம் எடுக்கும் அறையில் திரை பாதி இழுத்திருந்தது. நாற்காலியில் மாமனார். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, கையை நீட்டி வைத்திருந்தார். எதிரே நாத்தனார், கையுறையும் ஊசியுமாக.

நான் கொடுக்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாய், இந்தா, நீயே எடுத்துப் பார் என்று சொல்லி உட்கார்ந்தாராம். அக்கா திரைக்கு வெளியே நின்றுவிட்டாள். கால் உள்ளே போகவில்லை.

"பேர் சொல்லுங்க" என்றாள் நாத்தனார்.

"என் பேரு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்பா. ஆனா நீங்கதான் சொல்லணும். நான் சொல்லி நீங்க தலையாட்டக் கூடாது. வேற ஆள் ரத்தம் மாறிடும்."

அவர் பெயரைச் சொன்னார். தன் அப்பா பெயரைச் சொன்னார். பிறந்த தேதியைச் சொன்னார். கேட்காமலேயே லைசென்ஸ் நம்பரையும் சொன்னார். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே குழாயில் எழுதினாள். கைக்குழந்தைக்கும் ஒரே குத்தில் நரம்பு பிடிக்கிறவள். இன்றைக்கும் ஒரே குத்துதான்.

ஊசி உள்ளே இருந்தது. எழுந்து போக வழியில்லை. அப்போதுதான் மாமனார் பேசினார். பேச வேண்டும் என்று எத்தனை நாளாக வைத்திருந்தாரோ.

"அந்த டெஸ்டுக்கு முந்தின வாரம் ஒருநாள் சாயங்காலம், ஸ்டாப்லேர்ந்து வண்டிய எடுக்கறேன். முன்னாடி ஒரு அம்மா குறுக்கே போறாங்க. எனக்குத் தெரியலை. கண்டக்டர் விசில் அடிச்சுத்தான் பிரேக் போட்டேன். வெயில் கண்ணுல அடிச்சுதுன்னு சொல்லிட்டேன். எல்லாரும் நம்பிட்டாங்க. சூரியன் எனக்குப் பின்னாடி இருந்துச்சு."

"கையை அசைக்காதீங்கப்பா."

"நீ மாத்தி எழுதியிருந்தா மறுநாளும் அதே வண்டிய எடுத்திருப்பேன். எடுக்காம இருக்கற புத்தி எனக்கு இல்லை. அப்புறம் கண் டாக்டர்கிட்ட போனேன், சக்கரை கண்ணைக் கெடுக்குது, நல்ல நேரத்துல வந்தீங்கன்னாரு. நான் எங்க வந்தேன், நீதானே துரத்திவிட்டே. இன்னிக்குப் பேப்பர் படிக்கறேன், தெருவுல போற முகம் தெரியுது, எல்லாம் உன்னால. இதை உன்கிட்ட சொல்லணும்னு போனை எடுப்பேன். எடுத்துட்டு வெச்சிடுவேன். ரோஷம், வேற என்ன."

 நாத்தனார் ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்தாள். கையுறை போட்ட கையால் கண்ணைத் தொடக் கூடாது என்று, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"அழுத்திப் பிடிச்சுக்குங்க. தேய்க்காதீங்க" என்று சொல்லிவிட்டு, குழாயை எடுத்துக்கொண்டு அண்ணியைக்கூடப் பார்க்காமல் மெஷினுக்கு ஓடினாள்.

வராந்தாவில் நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் மாமனாரும் மருமகளும் உட்கார்ந்தார்கள். உள்ளே ரத்தம் உறைந்து, சுழன்று, சீரம் பிரிய வேண்டும். அவசரப்பட்டால் நடக்கிற வேலை இல்லை. அவர் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, உயிரோடு இருந்தால் நாளைக்குக் கீரை வாங்க வேண்டும் என்றார். நீங்கள் நூறு வயது இருப்பீர்கள் மாமா என்றாள் அவள். அதை எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறாய் என்று அவர் கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள்.

சொல்லிவிடலாம். சொல்ல அனுமதியும் வாங்கியாகிவிட்டது. ஆனால் என்ன சொல்வது? உங்களைச் சாவு பயத்தில் ஓடிவர வைத்தது என் அவசரம் என்றா? ஒரு வருஷத்துப் பூட்டைத் திறந்தது ஒரு தப்பான நம்பர் என்றா? அதைக் கேட்டதும் இந்த மனுஷர் எழுந்து, எல்லாரும் சேர்ந்து என்னைக் கோமாளி ஆக்கிவிட்டீர்கள் என்று பழையபடி வாயை மூடிக்கொண்டால்? மகளிடம் இப்போது சொன்னதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டால்? நாத்தனார் இனிமேல் அண்ணி என்று கூப்பிடுவாளா? சொல்லாமல் இருந்தால் யாருக்கு நஷ்டம் என்று மனசு ஓரமாக ஒரு வழி காட்டியது. யாருக்கும் இல்லை. அவள் மனசு அப்படி வழி காட்டுவது அவளுக்கே புதிது.

நாத்தனார் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"நாலு புள்ளி ரெண்டு. நல்லா இருக்கு. சக்கரையும் பார்த்தேன். எவ்வளவோ இறங்கியிருக்கு."

மாமனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாத்தி கீத்தி எழுதலையே?"

"நானா?" என்றாள் அவள்.

அவர் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. பெஞ்சில் காத்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பஞ்சைப் பிடித்திருந்த கையை எடுத்து அவள் தலையில் வைத்தார், பஞ்சு கீழே விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா என்றார். அவள் நெற்றியை எடுக்காமலே, நான் வருகிறேன், அவரை நீங்கள்தான் கூப்பிட வேண்டும், வாசலைக் காட்டியது நீங்கள்தானே என்றாள். அவர் குனிந்து பஞ்சை எடுத்தார். பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

கன்ட்ரோல் அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கடவுளே, இது போதும் என்று நினைத்தாள். நன்றி யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் மெஷின் இருந்த பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். இனிமேல் ஒன்றும் சொல்ல வேண்டாம், எல்லாம் நல்லபடி முடிந்தது என்று முடிவே கட்டிவிட்டாள்.

அப்போதுதான் மாமனார் கேட்டார்.

"இரு. எனக்கு நாலுன்னா, அந்த ஏழு யாருது?"

மகள் தலையைத் தூக்கினாள். அவள் முகத்திலிருந்து அத்தனை சந்தோஷமும் வடிந்தது. அதைத்தான் அப்பா சொல்ல வந்தேன், ரிசப்ஷனில் எல்லாக் கிளைக்கும் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அந்தப் பெயரில் யாரும் வந்ததாகத் தெரியவில்லை என்கிறார்கள், எவரோ நம்பரைத் தப்பாகச் சொல்லியிருக்கிறார் என்றாள். சொல்லும்போதே எழுந்து நின்றாள். அவரும் எழுந்துவிட்டார்.

"என் வயசுக்காரன். எங்கேயோ சும்மா தலை சுத்துதுன்னு படுத்துக் கிடப்பான். அவனுக்கு யாரு சொல்றது? பேரைச் சொல்லு. டிப்போவுக்குப் போறேன். எல்லா ரூட்டுலயும் நம்ம பசங்க இருக்காங்க, ஒவ்வொரு ஸ்டாப்லயும் விசாரிக்கச் சொல்றேன்."

சட்டைக் கையை இறக்கிக்கொண்டே வாசலுக்கு நடந்தார். செருப்பு மாறியிருந்ததைக்கூட அவர் இன்னும் பார்க்கவில்லை. நாத்தனார் போனை எடுத்து மறுபடி ஒரு கிளையைக் கூப்பிட்டாள். யாரென்றே தெரியாத ஒருவனுக்காக அப்பாவும் மகளும் ஒரே மாதிரி பதறினார்கள்.

இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க அக்காவால் முடியவில்லை.

"மாமா, போகாதீங்க. அப்படி ஒரு ஆள் இல்லை."

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவள் நின்ற இடத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். வெளியிலிருந்து வரும் பொடி, கதவைச் சாத்திக்கொண்டு கரைப்பது, இல்லாத பெயர், யோசிக்காமல் தட்டிய நம்பர், இவ்வளவு பயங்கரமான அளவு அதில் இருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்க்காதது, இப்போது பெஞ்சில் உட்கார்ந்து சொல்லாமல் விட்டது வரைக்கும்.  

"என் தப்பு குட்டி. உன்னை அழ வெச்சது நான். உங்களையும்தான் மாமா."

நாத்தனார் போனைக் கீழே இறக்கினாள். கொஞ்ச நேரம் அண்ணியையே பார்த்தாள். கோபம் வருகிற முகம்தான் அது, வந்தும் கொண்டிருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது லேப்காரியின் கேள்வி.

"அப்போ ஏழு புள்ளி ஒண்ணு சரியா, அண்ணி?"

"எனக்கும் தெரியாது. பொடி அனுப்பினவங்க சொன்னாத்தான் தெரியும். அடுத்த மாசம் ஆகும். ஆனா நீ செஞ்சதுல ஒண்ணுகூடத் தப்பு இல்லை. பார்த்தே, ஒரு தடவை திருப்பி ஓட்டினே, போன் பண்ணினே, திருப்பிச் சொல்லச் சொன்னே. அப்பான்னு தெரிஞ்சும் அப்படியே செஞ்சே."

 நாத்தனார் வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கித்தான் பிடித்தாள், கொஞ்சம் வலிக்கவும் செய்தது. இதற்கு உங்களை நான் ஒருநாள் நன்றாகத் திட்டப் போகிறேன், இன்றைக்கு முடியாது என்றாள். மேலே டாக்டரம்மாவின் அறைக் கதவு திறந்தது, அக்காவின் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். போகத்தான் வேண்டும். அங்கே என்ன காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாமனார் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.  அவர் முகத்தைப் பார்க்க அக்காவுக்குத் துணிச்சல் வரவில்லை.

"அப்போ அந்த ஆளே கிடையாதா?" என்று கேட்டார்.

"கிடையாது மாமா."

"எங்கேயும் யாரும் படுத்துக் கிடக்கலை?"

"இல்லை மாமா."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். மகள் பக்கம் பார்த்தார். அவள் இன்னும் அண்ணியின் கையை விடவில்லை.

"இல்லாட்டியும் பரவாயில்லைம்மா. அவன் நல்லா இருக்கட்டும்."